எண் நாற்பத்தொன்று, பெண்

குன்றக்குடிக்குத் தெற்கே
தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில்
நீ கம்பேறி நின்றாய்.
கழுத்தில் அலுமினியப் பட்டை: வெ.வ. 41.
வெற்றிலைவள்ளி என்பதன் சுருக்கம்.
ஆணியால் கீறியது நான்தான்.

உன்னைப் பூவுக்காக இங்கே யாரும் வளர்த்ததில்லை.
சித்திரையில் கிழங்கை அரிவார்கள்,
துண்டுக்கொரு குழி, ஒரு கை சாம்பல்.
தையில் தோண்டினால் அதே கிழங்கு,
அதே நார், அறுத்த வாயில் அதே பழுப்பு.
அதை அரிந்து நட்டால் மறுபடியும் அதே.
மகளில்லை, பேத்தியில்லை.
பாகனேரி முதல் பள்ளத்தூர் வரை
ஒரே ஒருத்தி, துண்டு துண்டாக.

கருகல் வந்த வருஷம்
அதனால்தான் ஒருத்திக்கு வந்தது எல்லாருக்கும் வந்தது.
ஒவ்வொரு இலையும்
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த சட்டை.

"ஒன்பதாம் எண் ஆணுக்குக் கருகல் அண்டாது" என்றார் சிகப்பி மேடம்.
"கிழங்கு கட்டைவிரல் பருமன். வாயில் வைக்க முடியாது."
"எந்தக் கோயில்?" என்று கேட்டுவிட்டேன்.
அவர்கள் வீட்டில் சம்பந்தம் பேசினால்
அதுதான் முதல் கேள்வி.
"வேற கோயில். அதான் வேணும்" என்றார், சிரிக்காமல்.

ஆனால் ஒன்பது புரட்டாசியிலேயே பூத்து உதிர்ந்தது.
நீ அப்போது வெறும் இலை.
உதிர்வதற்குள் பறித்த பூக்கள் ஒரு குட்டிப் பாட்டிலில்,
ஆபீஸ் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால்,
'தின்னும் பொருள் அல்ல' என்று ஒட்டி.
ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
மீன்கடை ஜமீலாவை எழுப்பி ஐஸ் வாங்கினேன்.
மறுநாள் மேடம் லென்ஸில் குனிந்தார்:
"நூத்துக்குப் பத்து உயிரோட இருக்கு."
அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா
என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

ஐப்பசி எட்டில் நீ பூத்தாய்.
பூவா அது!
வெந்தயம் அளவு, பச்சை,
எறும்புகூடத் திரும்பிப் பார்க்காது.
தையல்கடையில் கேட்டு வாங்கிய ஊசிமுனையால்
முந்நூற்றுப் பன்னிரண்டு பூவைத் தொட்டேன்.
ஒவ்வொரு கொத்துக்கும் காகிதப் பை, நூல், தேதி.
மூன்றாம் நாள் மழை.
மேடம் குடை பிடித்தார்.
எனக்கல்ல, உனக்கு.

மார்கழியில் மிஞ்சியது பதினோரு காய்.
தை பிறக்கும் முன் பன்றி வந்தது.
எட்டுக் கிலோ இருப்பாய்,
விடிவதற்குள் குழி மட்டும்.
கொடி வேலிக்கம்பியில் சிக்கிக் கிடந்தது, காய்களோடு.
பன்றிக்கும் கிழங்குதான் கணக்கு.

உரித்தோம்.
வெங்காயச் சருகில் வைத்த பொட்டு மாதிரி விதை.
மூச்சுவிட்டால் பறக்கிறது;
மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார்.
காய்க்கு ஆறு வீதம் அறுபத்தாறு வரவேண்டும்.
தேறியது பத்தொன்பது.
முளைத்தது ஏழு.

ஏழிலும் இலை கிள்ளி அனுப்பினோம்.
ஆணா பெண்ணா என்று அறிய
பூக்கும்வரை காத்திருக்க வேண்டாமாம்,
இலைக்குள்ளேயே எழுதியிருக்கிறதாம்.
ஃபோனில் படம் வந்தது:
இருட்டறை, கதவிடுக்கு வெளிச்சம் போலக் கோடுகள்.
இந்தக் கோடு கூடுதலாக இருந்தால் ஆண்.
அந்தக் கோடு இருந்தால் கருகல் தாங்கும்.
நாலு ஆண், மூன்று பெண்.
தாங்குவது இரண்டே.
அதில் ஒன்று பெண்.

ருசிக்குக் கோடு இன்னும் கிடைக்கவில்லை.
அதற்கு அடுத்த தையில்
உப்புப் போட்டு வேகவைத்துத்தான் பார்க்கவேண்டும்.
கசந்தாலும் கசக்கும்.

நீ செத்தாய் என்று எப்படிச் சொல்ல?
நூறு கொல்லையில் நிற்கிறாய், இதே முகத்தோடு.
ஆனால் இந்தத் தொட்டியில் நிற்கும் நாலிலைக்காரி
நீ இல்லை.
அவளுக்குப் புதுப் பட்டை வெட்டினேன்.
பதிவேட்டில் ஒரு கட்டம்,
இத்தனை வருஷமும் கோடு கிழித்துக் கடந்துபோன கட்டம்:
தாய்.
41 என்று எழுதினேன்.
பேனா அங்கே பழக்கமில்லாமல்
கொஞ்சம் கோணிவிட்டது.